டெக் டிக்கெட்

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாகக் கிள்ளான் கரைக்கு வந்த கப்பல்களில் டெக் டிக்கெட் எடுத்தவருக்கு அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. தளத்தில் பாய் விரித்த இடமே ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு அவருடைய வீடு. மலாயாவின் செமினி, காஜாங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்த தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படித்தான் கடலைக் கடந்தார்கள். ஒரு தளத்தில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதைக் கப்பல் கம்பெனியின் லாபமும் சர்க்காரின் அளவுகோலும் சேர்ந்து முடிவுசெய்தன. பாயில் படுக்கப்போகிறவரை யாரும் கேட்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தக் கடல்வழியில் ஓடியவை பாய்மரக் கப்பல்கள். நாகூர், நாகப்பட்டினம் மரைக்காயர்களின் கப்பல்களும் அவற்றில் உண்டு. கூலியாட்களை ஏற்றும் வியாபாரம் பெருகியபோது நெரிசலும் பெருகியது. குடிதண்ணீர் போதாமையும் பேதியும் கூடவே வந்தன. வங்காள விரிகுடாவில் செல்லும் கப்பல்களில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதைத் தடுக்க 1859இல் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. 1887இல் விரிவான பயணிக் கப்பல் சட்டம் வந்தது. தளத்தின் பரப்பை அளந்து, தலைக்கு இத்தனை சதுர அடி என்று வகுத்து, வரும் எண்ணைச் சான்றிதழில் எழுதுவதுதான் முறை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை கணக்கிலேயே சேராது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் ஓர் ஆள். கடல் அமைதியாக இருக்கும் பருவத்துக்கு ஓர் எண், கொந்தளிக்கும் பருவத்துக்கு அதைவிடக் குறைந்த ஓர் எண். கை காலை நீட்டிப் படுக்க முடிகிறதா என்பது இந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

இந்தப் பயணத்துக்கான பணத்தை யார் கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒப்பந்தக் கூலி முறையில் கப்பல் செலவு தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ஆள் சேர்க்கும் கங்காணி அழைத்துவந்தவர்களுக்கும் முன்பணம் என்ற பெயரில் அதே சுமைதான். ஆக, தளத்தில் மிக நெருக்கிப் படுக்கவைக்கப்பட்டவரே அந்தக் கட்டணத்தை மிக நீண்ட காலம் கட்டிக்கொண்டிருந்தவர். 1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் ஆள்கணக்கில் வரி செலுத்த, அந்த நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையும் ஒழிந்தது. கடன் போனது பெரிய விடுதலை. தளத்து நெரிசல் மட்டும் அப்படியே இருந்தது.

இந்தக் கடல்வழியின் பெயரே ஒரு கப்பலின் பெயராகிப் போனது: எஸ்.எஸ். ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட, எட்டாயிரத்துச் சொச்சம் டன் கப்பல் அது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வரும். தொடக்கத்தில் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலுமாக நூற்றுச் சொச்சம் பேருக்கு அறைகள் இருந்தன. டெக்கில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்ற அனுமதி இருந்தது. ஒரு முழு ஊரையே ஒரு கப்பலில் அடைப்பதற்குச் சமம் அது. அத்தனையும் சட்டப்படியே நடந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. படகில் போய், அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து கப்பலுக்கு மாற வேண்டும். முதலில் ஏறியவர் காற்று வரும் மூலையில் பாயை விரித்து, தகரப் பெட்டியையும் துணி மூட்டையையும் எல்லைக்கல்போல வைத்துக்கொள்வார். பின்னால் வந்தவருக்குக் கீழ்த்தளம். எஞ்சின் சூடு, எண்ணெய் வாடை, பக்கத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளை. மழை அடித்தால் மேல்தளத்தில் இருப்பவர்களும் மூட்டைகளோடு கீழே வந்துவிடுவார்கள். அளவுகோல் போட்ட கணக்கு அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவாது.

இறங்கிய பிறகும் டிக்கெட்டின் வகுப்பு விடவில்லை. டெக் பயணிகள் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்கள்: பினாங்கில் ஜெரஜாக் தீவு, கிள்ளான் பக்கம் போர்ட் சுவெட்டன்ஹாம் முகாம். துணிகள் ஆவியில் அவிக்கப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, நாட்கள் எண்ணப்பட்டன. அதே கப்பலில், அதே காற்றைச் சுவாசித்து வந்த அறைப் பயணிக்கு இந்த அடைப்பு இல்லை. இது இந்தியப் பயணிகளிடையே நெடுநாள் மனக்குறையாக இருந்தது, நியாயமான குறை. முகாமிலிருந்து விடுபட்டவர்கள் ரயிலில் கோலாலம்பூர் வழியாகக் காஜாங் வந்தார்கள். செமினிக்கு ரயில் இல்லை, அங்கிருந்து சாலை வழிதான். காஜாங் பக்கத்து இஞ்ச் கென்னத் தோட்டத்தில் 1890களில் தொடங்கிய ரப்பர் சாகுபடி இந்த வட்டாரம் முழுக்கப் பரவியபோது, ஒவ்வொரு புதுத் தோட்டத்தின் லயத்துக்கும் இந்தக் கப்பல்களே ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தன.

1931இல் சிம்லாவில் கூடிய மாநாடு டெக் பயணிகளுக்கான விதிகளைச் சீர்படுத்தியது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை பின்னர் வெகுவாகக் குறைந்தது. 1938 ஜூனில் தோட்டக் கூலிகளை உதவிச் செலவில் அனுப்புவதற்கு இந்திய அரசு தடை போட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ரஜூலாவில் ஏறியவர்களில் பெரும்பாலோர் சொந்தப் பணத்தில் டிக்கெட் எடுத்தவர்கள். ஊருக்குப் போய் வீடு கட்டவும், பெண் பார்க்கவும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும் ஆண்டுக்கணக்கில் சேமித்தவர்கள். 1973இல் ரஜூலா விற்கப்பட்டது. அதன் இடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்தக் கப்பல் வழியும் அதோடு முடிந்தது.

அதற்குள் பயணம் வானத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. சுபாங் விமான நிலையம் 1965இல் திறந்தது. செப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏ 1998இல். 2008இல் மலிவுக் கட்டண விமானம் திருச்சிக்கு நேராகப் பறக்கத் தொடங்கியபோது, தோட்டத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஊர் நாலு மணி நேரத் தூரமானது.

விமானத்தில் தலைக்கு ஓர் இருக்கை உண்டு, ஆனால் அதற்கான விற்பனையில் பழைய கணக்கு வேறு வடிவில் திரும்பியது. டிக்கெட் எடுத்தவர்களில் சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்று கணித்து, 180 இருக்கைக்கு நாலைந்து டிக்கெட் கூடுதலாக விற்பது உலகம் முழுக்கப் பல நிறுவனங்களின் வழக்கம். கப்பலில் கூடுதலாக விற்றால் எல்லோரும் நெருங்கிப் படுத்தார்கள். விமானத்தில் கூடுதலாக விற்றால் ஒருவர் வாசலில் நிற்கிறார். 1972 ஏப்ரலில் அமெரிக்காவில் இப்படி நிறுத்தப்பட்டவர்களில் நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ப் நேடரும் ஒருவர். அலகெனி ஏர்லைன்ஸ் மீது அவர் வழக்குப் போட, கூடுதல் விற்பனையைப் பயணியிடம் மறைத்ததற்காக நிறுவனத்தை நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்று 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமாக முன்வந்து விட்டுக்கொடுப்பவர்களை முதலில் கேட்க வேண்டும் என்ற விதி 1978இல் வந்தது. பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1968இலேயே சொன்ன யோசனை அது. 2017 ஏப்ரலில் சிகாகோவில், தங்கள் ஊழியர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக, அமர்ந்துவிட்ட ஒரு முதிய மருத்துவரை யுனைடெட் விமானத்திலிருந்து காவலர்கள் தரையில் இழுத்துச் சென்ற காட்சியை உலகமே பார்த்துப் பதறியது.

இந்தியாவில் இடம் மறுக்கப்படும் பயணிக்கான விதிகளைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம் 2010இல் வகுத்தது. 2016இல் தொகை உயர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் கிடைத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால் அடிப்படைக் கட்டணத்தைப்போல இரு மடங்கு, உச்சவரம்பு 10,000 ரூபாய். அதற்கு மேல் போனால் நான்கு மடங்கு, உச்சவரம்பு 20,000 ரூபாய். மலேசியாவில் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பு 2016 ஜூலையில் நடப்புக்கு வந்தது. இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, ஐந்து மணி நேரம் தாண்டி இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல், இடம் மறுக்கப்பட்டால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம். 2024 செப்டம்பரிலிருந்து ஐந்து மணி நேரத் தாமதத்துக்கும் முழுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பயணி எந்த வழியில் கட்டினாரோ அந்த வழியிலேயே, முப்பது நாளுக்குள் அது வந்து சேர வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் இந்தப் புகார்களை மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கவனிக்கிறது.