எத்தனை மரம் வரும்?

பாட்டியின் கல்யாணத்துக்குச் சான்றிதழ் கிடையாது. 1964இல் கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். லயத்துச் சனங்கள் வந்து சாப்பிட்டார்கள். மறுநாள் விடியற்காலை ரெண்டு பேரும் பெரட்டுக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். தாத்தா இறந்த பிறகு அவர் பேரில் இருந்த சிறு தொகையை எடுக்கப் போன இடத்தில்தான் இது ஒரு விஷயமாக ஆனது. "சிஜில் பெர்காவினான் அடா?" என்று முகப்பில் இருந்தவர் கேட்டார். பாட்டி என்னைப் பார்த்தார்.

சட்டப்படி சிக்கல் இல்லை என்று பிறகு தெரிந்தது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1இல்தான் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சமயச் சடங்குப்படி நடந்த கல்யாணங்கள் பதிவானதாகவே கருதப்படும். ஆனால் நடந்தது என்று காட்ட வேண்டுமே? சாட்சி தேடி அலைந்த அந்த வாரத்தில் என் சித்தப்பா சலித்துக்கொண்டார். "நம்மாளுங்களுக்கு எதுலயும் ஒழுங்கு கெடையாதுடா. கல்யாணத்தக்கூட பதியாம விட்டுருக்காங்க பாரு. குடும்பம்னா அக்கறையே இல்ல."

இந்த வசனத்தை நீங்களும் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். கல்யாண வீட்டில், கோயில் கூட்டத்தில், மேடையில். நான் இயந்திரப் பொறியியல் படித்தவன், வரலாறு படித்தவன் அல்ல. ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பாகம் உடைந்தால் முதலில் அதன் மேல் எவ்வளவு சுமை ஏற்றினார்கள் என்று பார்ப்போம். இரும்பு மட்டமா என்ற பேச்சு அப்புறம்தான். தோட்டத்துக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏனோ நேராக இரும்பிலிருந்தே தொடங்குகிறார்கள்.

சுமையின் கணக்கைப் பார்ப்போம். 1921 மக்கள் கணக்கெடுப்பில் மலாயாவில் இருந்த இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 400 பெண்கள்தான். 1931இலும் அது 500ஐத் தொடவில்லை. இது தற்செயலாக நேர்ந்ததல்ல. தோட்டத்துக்குத் தேவைப்பட்டது கை. குடும்பம் வந்தால் அறை வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க ஆயாக்கொட்டகை வேண்டும், 1923 தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்கூடமும் வேண்டும். தனி ஆளென்றால் மலிவு. ஆள் வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அந்தக் கணக்கில் ஆளுக்குக் குடும்பம் இருக்கிறதா என்ற கேள்விக்கு இடமில்லை.

இந்தியாவில் இதற்கு எதிர்ப்பு எழுந்தது. 1922 குடிபெயர்வுச் சட்டத்தை ஒட்டி வந்த விதி, துணையில்லாத ஆண்கள் ஐந்தில் ஒருவருக்கு மேல் போகக் கூடாது என்றது. மலாயாவுக்குச் சில காலம் அதிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். விதியைச் சமாளிக்க வேறு வழியும் இருந்தது. கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போக்களிலேயே, முன்பின் அறியாத ஆணையும் பெண்ணையும் புருஷன் பெண்சாதி என்று ஏட்டில் எழுதி அனுப்பினார்கள். 'டிப்போ கல்யாணம்' என்றே அதற்குப் பெயர். வரலாற்றாய்வாளர் அருணிமா தத்தா 2021இல் மலாயாவின் கூலிப் பெண்களைப் பற்றி வெளியிட்ட நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான் வந்தது. கல்யாணத்தை ஏட்டில் எழுதாமல் விட்டவர்கள் என்று நம்மைத் திட்டுகிறார். அதற்கு முன்னால் நடக்காத கல்யாணத்தையே ஏட்டில் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது கூலி. 1920களின் இறுதியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் அரசாங்கம் வகுத்த கூலி ஒரு நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு, பிள்ளைக்கு 20 காசு. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆண் மட்டும் வேலைக்குப் போனால் 50. பெண்சாதியும் போனால் 90. ஒரு பிள்ளையும் போனால் ஒரு வெள்ளி பத்துக் காசு. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தினமும் 20 காசு நட்டம். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாய் 40 காசு நட்டம். ஒருவர் சம்பாதித்து நால்வர் சாப்பிடலாம் என்று இந்தக் கூலியை யாரும் வகுக்கவில்லை. தனியாக இருக்கும் பெண்ணோ அந்த 40 காசில் லயத்தில் பாதுகாப்பாக வாழவும் முடியாது. ஆக, கல்யாணம் என்பது சம்பளக் கணக்கிலேயே ஒரு வரியாக இருந்தது.

1930இல் உலக மந்தம் வந்தது. 50 காசு 40 ஆனது. 40 காசு 32 ஆனது. விகிதத்தைக் கவனியுங்கள். பஞ்சத்திலும் பெண்ணின் கூலி ஆணின் கூலியில் சரியாக 80 விழுக்காடு. வெள்ளைக்காரன் எதில் தவறினாலும் வகுத்தலில் தவறவில்லை! ஒரு லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர்கள் அந்த வருடங்களில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1936 இறுதியில் இந்திய அரசாங்கம் அனுப்பிய ஸ்ரீனிவாச சாஸ்திரி இங்கே வந்து பார்த்துவிட்டு, பழைய 50, 40 கூலியைத் திருப்பிக் கொடுங்கள் என்று பரிந்துரைத்தார். சமமாகக் கொடுங்கள் என்று அவருக்குமே தோன்றவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் குடும்பம் எப்படி இருந்திருக்கும்? அன்றைய அதிகாரிகளின் எழுத்தில் 'பெண் தகராறு' அடிக்கடி வரும். வெட்டு, குத்து, ஓடிப்போதல். தமிழனின் பொறாமைக் குணம் என்று எழுதி முடித்துக்கொண்டார்கள். பெண்சாதி இன்னொருவனோடு போய்விட்டால் புருஷன் நீதிமன்றத்துக்குப் போகலாம். மணமான பெண்ணை ஆசைகாட்டி அழைத்துப் போவது தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவில் குற்றம். போனவள் குற்றவாளி அல்ல. அவள் பறிபோன பொருள் மாதிரி. ஆனால் தத்தா காட்டும் வழக்குகளை வாசித்தால் வேறொன்று தெரிகிறது. அடிக்கிறவனை விட்டு, கொஞ்சம் மேலான வாழ்க்கை தேடி, தானே முடிவெடுத்துப் போன பெண்கள் அங்கே இருக்கிறார்கள். ஆண்கள் பெருகி, பெண்கள் குறைந்த தோட்டத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே பேரம் அதுதான். இதை ஒழுக்கக்கேடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடுதலை என்று கொண்டாடவும் தயக்கம்தான், ஏனென்றால் போன இடத்திலும் அதே 40 காசுதானே. இன்னொரு விஷயம், அந்த 498ஆம் பிரிவு நம் நாட்டில் 2023 டிசம்பர் வரை உயிரோடு இருந்தது. கூட்டரசு நீதிமன்றம் அப்போதுதான் அதைச் செல்லாது என்றது.

1938இல் கூலித் தகராறை ஒட்டி உதவியோடு ஆள் அனுப்புவதை இந்தியா நிறுத்தியது. புதிதாக வரும் தனி ஆண்கள் குறைந்தார்கள். இங்கேயே பிறந்த பெண்கள் வளர்ந்தார்கள். 1947இல் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் 640ஐ நெருங்கினார்கள். இடையில் 1941இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி கேட்டார்கள். அதே பட்டியலில், துரைமாரும் கிராணிமாரும் எங்கள் பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. கூலியும் குடும்ப மானமும் வேறு வேறு விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

பாட்டி பிறந்தது இந்தத் தலைமுறைக்குப் பின்னால். அவர் காலத்தில் கயிறு வேறு மாதிரி. வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கும்வரை வீடு. அப்பா அம்மாவுக்கு வயதானால் பிள்ளையோ மருமகளோ செக்ரோலில் பேர் எழுத வேண்டும், இல்லையென்றால் சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். படிக்கப் போகலாம் என்று நினைத்த எத்தனை பையன்கள் இதனால் பதினாறு வயதில் கத்தியைப் பிடித்தார்களோ. அதோடு 1968இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சட்டம் வந்தது. அடுத்த சில வருடங்களில் ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். பாட்டிக்கு எண்ணிக்கை தெரியாது. "பக்கத்து வூட்டு அக்காவுக்கு நீல ஐ.சி., அவ வூட்டுக்காரருக்குச் செவப்பு. அவரு ரஜூலா கப்பல்ல ஏறிட்டாரு. மூணு லெட்டரு வந்துச்சு" என்பார்.

பதியாத கல்யாணத்துக்கு இன்றைக்கும் விலை இருக்கிறது. 1982க்குப் பிறகு சடங்கு மட்டும் நடந்து பதிவாகாத கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. அதில் பிறக்கும் பிள்ளையின் குடியுரிமை தாயை வைத்துத்தான் முடிவாகும் என்கிறது கூட்டரசு அரசியலமைப்பு. தாயிடம் பத்திரம் இல்லையென்றால்? தகப்பன் நீல ஐ.சி. வைத்திருந்தும் பிள்ளை நாடற்றதாக நிற்கும். அரைநாள் சம்பளம் போகுமே என்று பட்டணத்துப் பதிவு அலுவலகத்துக்குப் போகாமல் விட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

எங்கள் காரியம் ஒருவழியாக முடிந்தது. தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. ஆபீசும் இல்லை, செக்ரோலும் இல்லை. ஓய்வுபெற்ற கிராணி ஒருவரும் கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியவரும் வந்து சத்தியக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் பாட்டியைக் கேட்டேன், உங்கள் கல்யாணம் எப்படிப் பேசி முடிச்சாங்க என்று.

"ஒங்க தாத்தா வூட்ல வந்து ஒக்காந்ததும் கேட்ட மொதக் கேள்வி, பொண்ணுக்கு ஒரு நாளைக்கு எத்தன மரம் வரும்னுதான். எங்கம்மா நானூறுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு எங்க வரும் நானூறு? முந்நூத்தி அம்பதே மூச்சு முட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மிச்சத்த அவருதான் வந்து வெட்டிக் குடுப்பாரு. யாருக்கும் சொல்லல."