நாலு பேருக்கு நாலு வரி

1777 ஆகஸ்டில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் போதகர்கள் ஆண்டு மாநாட்டுக்காக இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கூடினார்கள். அந்த ஆண்டு நடவடிக்கைக் குறிப்பில் புதிதாக ஒரு கேள்வி ஏறியது: இந்த வருஷம் இறந்துபோன போதகர்கள் யார் யார்? பதிலாக நாலு பெயர். ஜான் ஸ்லோகம், ஜான் ஹாரிசன், வில்லியம் லம்லி, வில்லியம் மைன்தார்ப். ஆளுக்கு ஒரு வரி, மிஞ்சினால் ஒன்றரை. ஸ்லோகம் வயதான உழைப்பாளி, ஊழியத்திலேயே தேய்ந்துபோனவர். ஹாரிசன் அடக்கமான இளைஞர், நன்றாக வருவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். லம்லியும் வயதில் சின்னவர்தான். மைன்தார்ப்புக்கு, நத்தானியேலைப் பார்த்து இயேசு சொன்ன பாராட்டு கிடைத்தது, கபடம் அறியாதவர் என்று. பிறந்த ஊர் எது, எத்தனை வயது, பெண்டாட்டி பிள்ளைகள் உண்டா, என்ன நோயில் போனார் என்று ஒரு விவரமும் கிடையாது.

மெதடிஸ்த சபையில் மறைந்த ஊழியர்களை ஆண்டுதோறும் பெயர் சொல்லி நினைவுகூரும் வழக்கம் இப்படித்தான் பிறந்தது. கல்லறையில் பிறக்கவில்லை, ஆராதனையில் பிறக்கவில்லை. நிர்வாகக் கூட்டத்தின் கேள்விப் பட்டியலில் பிறந்தது. அதன் குணம் முழுக்க இந்தப் பிறப்பிலிருந்து வந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெஸ்லிக்குக் கேள்வி பதில் வடிவத்தில் ஒரு பிடிப்பு உண்டு. 1744 ஜூனில் லண்டனில், பீரங்கி வார்க்கும் பட்டறையாக இருந்து வழிபாட்டு இடமான 'ஃபவுண்டரி' கட்டடத்தில் முதல் மாநாடு கூடியபோதே, என்ன போதிப்பது, எப்படிப் போதிப்பது, என்ன செய்வது என்று கேள்விகளாகப் போட்டுத்தான் பேசினார்கள். 1765 முதல் குறிப்புகளை ஆண்டுதோறும் அச்சிட்டார்கள். யாரைப் புதிதாகச் சேர்த்தோம், யார் இன்னும் தகுதிகாண் நிலையில் இருக்கிறார்கள், யார்மீதாவது புகார் உண்டா, இந்த வருஷம் யாருக்கு எந்தச் சேகரம் (போதகர் சுற்றிவரும் வட்டாரம்) என்று வரிசையாகக் கேள்விகள். புகார் பற்றிய கேள்வி வெறும் சடங்கு அல்ல. ஒவ்வொரு போதகரின் நடத்தையையும் சக போதகர்கள் முன்னிலையில் விசாரித்தார்கள். உயிரோடு இருக்கும்வரை வருஷா வருஷம் குணத்தைச் சோதித்துப் பார்த்த கூட்டம், ஆள் போன பிறகு கடைசியாக ஒரு தடவை எழுதி வைத்த தீர்ப்பாகத்தான் அந்த ஒற்றை வரிகளைப் படிக்க வேண்டும். வாழ்க்கை விவரம் இல்லாமல் குணம் மட்டும் அங்கே நிற்பது அதனால்தான்.

இந்தப் போதகர்களுக்கு ஊர் என்று ஒன்று இருந்ததும் இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர் ஒரு பங்கில் முப்பது நாற்பது வருஷம் இருப்பார். அவர் இறந்தால் அந்தக் கோயில் முற்றத்திலேயே அடக்கம் செய்வார்கள், சுவரில் கல் பதிப்பார்கள், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் பேரன் பேத்தியிடம் சொல்வார்கள். வெஸ்லியின் ஆட்கள் குதிரையில் சுற்றினவர்கள். ஒரு சேகரத்தில் ஒரு வருஷம் அல்லது இரண்டு வருஷம், பிறகு மூட்டை கட்ட வேண்டியதுதான். 1784-ல் வெஸ்லி பதிவு செய்த சட்டப் பத்திரம், குருப்பட்டம் பெறாத எந்தப் போதகரையும் மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்றே சொன்னது. கார்ன்வாலில் பேசினவரை யார்க்ஷயரில் புதைத்தால், இரண்டு ஊருக்கும் அவர் வந்துபோனவர்தான். அவர் வாழ்க்கையை முழுசாக அறிந்திருந்தது மாநாடு ஒன்றே. அங்கே எழுதாவிட்டால் வேறு எங்கும் எழுதப்படாது.

சரி, முதல் மாநாடு கூடி முப்பத்துமூன்று வருஷம் கழித்து, 1777-ல் ஏன்? அதற்குமுன் போதகர்கள் சாகாமலா இருந்தார்கள்? பர்ஸ்டல் ஊர்க் கல்தச்சர் ஜான் நெல்சன், வெஸ்லிக்கு வாய்த்த ஆரம்பகாலப் பொதுநிலைப் போதகர்களில் மிகப் பெரியவர், 1774-ல் காலமானார். கேள்வி மூன்று வருஷம் தாமதமாக வந்ததால் அந்தப் பட்டியலில் அவர் இல்லை.

1777 மாநாட்டில் வேறொரு கேள்வி எல்லோர் மனத்தையும் உறுத்திக்கொண்டிருந்தது. மெதடிஸ்தர்கள் பழைய பக்தி வைராக்கியத்தை இழந்து விழுந்துபோனார்கள் என்று ஒரு பேச்சு நாடெங்கும் பரவியிருந்தது. வெஸ்லி ஒவ்வொரு சேகரப் பொறுப்பாளரையும் தனித்தனியாகக் கேட்டார், உன் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல், நாம் விழுந்துபோன ஜனமா என்று. ஏறக்குறைய எல்லோரும் இல்லை என்றார்கள். ஜான் ஹில்டன் என்ற போதகர் ஆம் என்றார், சபையைவிட்டே விலகினார். அதே கூட்டத்தில்தான் மறைந்தவர்களைப் பற்றிய கேள்வியும் வருகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று குறிப்பேடு சொல்லவில்லை. நான் சேர்த்துப் பார்க்கிறேன். விழுந்துபோனீர்கள் என்று ஊர் சொல்லும்போது, கடைசிவரை விழாமல் போய்ச் சேர்ந்த நாலு பேரைப் பெயர் சொல்லிக் காட்டுவதைவிட நல்ல பதில் என்ன இருக்கிறது?

அந்த நாலு பேரில் முதல் பெயர் ஒரு கிழவருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்லோகம் போன்றவர்களை என்ன செய்வது என்ற யோசனை 1763 மாநாட்டிலேயே எழுந்திருந்தது. வயதாகி உழைக்க முடியாமல் போன போதகர்களுக்கு எப்படி வழி செய்வது என்று கேட்டு, இரண்டு பதில் எழுதினார்கள். ஒன்று, தேவை அதிகமுள்ள சேகரத்தில் கூடுதல் போதகராக இருந்து முடிந்ததைச் செய்யட்டும். மற்றது சாப்பாட்டுக்கு: சுற்றிவரும் போதகர் ஒவ்வொருவரும் வருஷம் 10 ஷில்லிங் கட்ட வேண்டும், அந்தப் பணம் தளர்ந்துபோன போதகர்களுக்கும், இறந்தவர்களின் விதவை பிள்ளைகளுக்கும் போகும். போதகரின் ஆண்டுப் படி 12 பவுன் என்று 1752-ல் ஒத்துக்கொண்டிருந்தார்கள். 10 ஷில்லிங் என்பது அதில் இருபத்துநாலில் ஒரு பங்கு, அரை மாதப் பணம். கொடுத்தவர்களும் ஏழைகள்தான். பிரிட்டனில் ஓய்வுபெற்ற மெதடிஸ்த ஊழியரை நெடுங்காலம் 'கூடுதல் ஊழியர்' என்ற பொருள்படும் பெயராலேயே அழைத்தார்கள். அந்த வழக்கத்தின் வேர் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

வெஸ்லி உயிரோடிருந்தவரை குறிப்புகள் குறுகியே இருந்தன. தன் தம்பிக்கும் அதே அளவுகோல்தான். ஆயிரக்கணக்கில் கீர்த்தனைகள் எழுதிய சார்லஸ் வெஸ்லி 1788 மார்ச்சில் இறந்தார். அந்த வருஷக் குறிப்பில், மற்றப் போதகர்களோடு போதகராக, அதே கேள்வியின்கீழ் அவர் பெயர். எண்பது வருஷம் துன்பத்தோடும் வேதனையோடும் வாழ்ந்து அமைதியாகப் போய்ச் சேர்ந்தார், குறிப்பாக ஒரு நோயும் இல்லை, மெல்ல மெல்லத் தளர்ந்தார் என்று எழுதிவிட்டு, கவிதைத் திறமை அவருடைய சிறப்புகளிலே மிகச் சிறியது என்கிறது குறிப்பு. அடுத்த வாக்கியத்தில், யாக்கோபு தேவதூதனோடு போராடியதைப் பாடும் சார்லஸின் ஒரே ஒரு பாட்டு தான் எழுதிய எல்லாவற்றுக்கும் ஈடு என்று கீர்த்தனை ஆசிரியர் ஐசக் வாட்ஸ் சொன்னதையும் சேர்த்துவிடுகிறது. அண்ணனுக்குப் பெருமையை அடக்கவும் தெரியவில்லை, வெளிப்படையாகக் காட்டவும் மனசு வரவில்லை. இரங்கல் குறிப்புகளில் இத்தனை சின்ன இடத்தில் இத்தனை மனுஷத்தனம் அபூர்வம்.

1791 மார்ச் 2-ல் வெஸ்லி தம் 87-ஆம் வயதில் இறந்தார். ஜூலையில் மான்செஸ்டரில் கூடிய மாநாட்டின் முன் அதே கேள்வி வந்தது, பதிலில் அவர் பெயர். கேள்வியை உண்டாக்கியவரைப் பற்றி எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. எங்கள் மனத்தில் இருப்பதைச் சொல்ல எங்களுக்குத் தகுதி போதாது என்ற பொருளில் எழுதினார்கள். ஒற்றை வரியில் குணம் சொல்லும் கலை, அதில் வல்லவரோடு போய்விட்டது.

பிறகு வந்தது பெருக்கம். அதற்கும் வெஸ்லியே விதை போட்டிருந்தார். நாலு பேர் பட்டியல் வந்து சில மாதங்களில், 1778 ஜனவரியில், 'அர்மீனியன் மேகசின்' என்ற மாத இதழைத் தொடங்கி, போதகர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதித் தரச் சொன்னார். செருப்புத் தைத்தவர், பட்டாளத்தில் இருந்தவர், கப்பலில் போனவர் எல்லோரும் எழுதினார்கள். 1801-ல் சார்லஸ் அட்மோர், மறைந்த போதகர்களின் வாழ்க்கைச் சுருக்கங்களைத் தனிப் புத்தகமாகவே போட்டார். 1819-ல் வில்லியம் ஹில், எந்தப் போதகர் எந்த ஆண்டு எந்தச் சேகரத்தில் இருந்தார் என்று அகர வரிசையில் தொகுத்தார். அது பதிப்புமேல் பதிப்பு கண்டது. ரயில்வே அட்டவணை போல வறண்ட புத்தகம். ஆனால் நாடோடி வாழ்க்கையை ஒரே பார்வையில் காண அதைவிட நல்ல வழி அன்று இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் குறிப்புகள் பத்தி பத்தியாக நீண்டன. மனந்திரும்பியது, அழைப்புப் பெற்றது, பிரசங்கத் திறமை, கடைசியாக மரணப் படுக்கை. நம்முடைய ஜனங்கள் நல்ல சாவு சாகிறார்கள் என்று வெஸ்லியே பெருமையாகச் சொன்னது உண்டு, ஆகவே கடைசி வார்த்தைகளுக்குத் தனி மதிப்பு. பத்து குறிப்புகளைத் தொடர்ந்து படித்தால் யார் எந்தப் போதகர் என்று குழம்பிவிடும். எல்லோரும் சாந்தமானவர்கள், எல்லோரும் ஜெயமாக மரித்தவர்கள். 1777-ன் கஞ்சத்தனத்தில் ஆள் தெரிந்தார். இந்தத் தாராளத்தில் அச்சுதான் தெரிகிறது.

கடல் தாண்டியும் பட்டியல் வந்தது. 1813 கடைசியில் இலங்கைக்கென்று இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்ட மிஷனெரிகளின் தலைவர் தாமஸ் கோக், 1814 மே 3-ல் கப்பல் அறையில் இறந்து கிடந்தார். இந்துமாக் கடலிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். மற்றவர்கள் ஜூனில் இலங்கையின் காலியில் இறங்கினார்கள். அவர்களில் மட்டக்களப்புக்குப் போன வில்லியம் ஆல்ட், தமிழ் படித்து, பள்ளி தொடங்கி, ஒரு வருஷம்கூட நிறையுமுன் 1815 ஏப்ரல் 1-ல் காலமானார். அங்குள்ள இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்கத்தை அவரிடம்தான் காண்கிறது. ஆல்டின் மனைவி பயணத்திலேயே கப்பலில் இறந்திருந்தார். மாநாட்டின் கேள்வி போதகர்களைப் பற்றியது மட்டுமே. அதே கடலில், அதே ஊழியத்துக்காகச் செத்த மனைவிக்கு அதன்கீழ் இடமில்லை.

விலகிப்போனவருக்கும் இடமில்லை. பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் வருஷக்கணக்காகப் பள்ளி நடத்தியவர், ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கியவர். பிறகு மெதடிஸ்த ஊழியத்தைவிட்டு ஆங்கிலிக்கன் குருவானார், சென்னையில் பேராசிரியரானார், 1882-ல் ஏற்காட்டில் இறந்தார். தமிழுக்கு அவர் செய்தது பெரிது. ஆனால் இந்தக் கேள்விக்கு அவர் பதில் அல்ல.

இருபதாம் நூற்றாண்டில் மருத்துவம் வளர்ந்தது, மனிதர்கள் நீண்ட நாள் வாழ்ந்தார்கள். முன்பு ஊழியத்தின் நடுவிலேயே செத்தவர்கள் இப்போது ஓய்வுபெற்று இருபது, முப்பது வருஷம் கழித்துச் சாகிறார்கள். குறிப்பை எழுதும் பொறுப்பு மாவட்டத்தில் அவரை அறிந்த சக ஊழியருக்கு வருகிறது, பெரும்பாலும் வயதில் மிக இளையவருக்கு. அவர் பார்த்ததெல்லாம் மறைந்தவரின் ஓய்வுக்காலம் மட்டும்தான். ஊழியக்காலம் முழுக்கச் சபை கொடுத்த வீட்டில் வாழ்ந்து, கடைசியில் சொந்த வீடு இல்லாமல் நின்றவர். ஞாயிற்றுக்கிழமை யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பிரசங்கிக்கப் போகிறவர். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்கிறவர், தோட்டத்தில் பூச்செடி வளர்க்கிறவர். பழைய குறிப்புகளில் இல்லாத இந்தச் சில்லறை விஷயங்கள் உள்ளே வந்ததும் மறுபடி ஆள் தெரிய ஆரம்பித்தார். மரணப் படுக்கைக் காட்சி போய்த் தோட்டம் வந்தது நல்ல மாற்றம் என்பேன்.

ஆனாலும் தலைப்பை மட்டும் மாற்றவில்லை. தொண்ணூறு வயதில், ஓய்வுபெற்றுக் கால் நூற்றாண்டு ஆன பிறகு இறந்தாலும், ஊழியத்தில் மரித்தவர்கள் என்ற தலைப்பின்கீழேதான் பெயரைச் சேர்த்துவந்தார்கள். 1932-ல் வெஸ்லியன், பிரிமிட்டிவ், யுனைட்டட் என்ற மூன்று மெதடிஸ்த சபைகள் ஒன்றானபோது மூன்று நினைவு மரபுகளும் ஒரே குறிப்பேட்டுக்குள் வந்தன. 1974-ல் பிரிட்டனில் பெண்களுக்கு முதல்முறையாகக் குருப்பட்டம் கொடுத்தார்கள். ஆண்களின் பெயரை மட்டும் கண்ட பட்டியலில், அவர்கள் ஓய்வுபெற்று மறைய மறையப் பெண் ஊழியர்களும் சேர்ந்தார்கள்.

பழைய குறிப்பேடுகளைத் தேடி இன்று மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கு வருகிறார்கள். மெதடிஸ்த ஆவணங்கள் 1977 முதல் அங்கே இருக்கின்றன. வருகிறவர்களில் வரலாற்று ஆய்வாளர்கள் உண்டு, தாத்தாவின் தாத்தா போதகராமே, எந்த ஊரில் இருந்தார் என்று விசாரிக்கிறவர்களும் உண்டு. இறந்த ஆண்டு தெரிந்தால் குறிப்பை எடுத்துவிடலாம். 1777-க்கு முன் இறந்தவர் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும்.