பன்றித் திருட்டும் வாக்குச்சீட்டும்

1890ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் 134 பேர் கூடினார்கள். மாநிலத்துக்குப் புதிய அரசியல் சட்டம் எழுதுவது அவர்கள் வேலை. மாநிலத்தின் மக்களில் கறுப்பர்கள் பாதிக்கும் மேல். கூடியிருந்த 134 பேரில் கறுப்பர் ஒரே ஒருவர். நவம்பர் 1ஆம் தேதி எழுதி முடித்தார்கள். அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விடாமல் தாங்களே நிறைவேற்றி நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் 241ஆம் பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள குற்றங்களில் ஏதேனும் ஒன்றுக்காகத் தண்டனை பெற்றவர் வாக்குரிமையை இழப்பார். தண்டனை முடிந்தாலும் அது தானாகத் திரும்பாது. லஞ்சம், வீடு புகுந்து களவு, திருட்டு, தீவைப்பு, பொய் சொல்லிப் பணமோ பொருளோ பெறுதல், பொய்ச் சாட்சி, போலி ஆவணம், கையாடல், இருதார மணம் ஆகிய ஒன்பதும்தான் அந்தக் குற்றங்கள். கொலை அதில் இல்லை. பாலியல் வன்கொடுமையும் இல்லை. அந்த இரண்டும் பட்டியலுக்குள் வந்தது 1968இல். இடைப்பட்ட 78 ஆண்டுகள் பன்றி திருடியவருக்கு வாக்கு இல்லை. ஆளைக் கொன்றவருக்கு வாக்கைப் பறிக்க அந்தப் பிரிவில் இடமே இல்லை.

குற்றத்தின் கொடுமையை அளந்து போட்ட பட்டியல் என்றால் கொலைதானே முதலில் வந்திருக்க வேண்டும்? அதற்கு முன்பிருந்த 1868 அரசியல் சட்டம் குற்றத் தண்டனை பெற்றவர்களைப் பொதுவாக விலக்கியிருந்தது. 1890இல் அந்த விரிந்த வலையைச் சுருக்கிச் சில குற்றங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள். ஏன் என்பதற்குப் பதில் தேடி அலைய வேண்டியதில்லை. மிசிசிப்பியின் உச்ச நீதிமன்றமே 1896இல், ராட்லிஃப் எதிர் பீல் வழக்கின் தீர்ப்பில், அதை எழுதி வைத்திருக்கிறது. இனத்தின் பேரால் வாக்கைப் பறிக்கக் கூடாது என்று 1870இல் வந்த 15ஆவது திருத்தம் மத்திய அரசியல் சட்டத்தில் இருந்தது. ஆகவே, இனத்தைப் பெயர் சொல்லித் தடுக்க முடியாத மாநாடு, அந்த இனத்தாரின் குணம், பழக்கம் என்று தான் கருதியவற்றைக் குறிவைத்தது என்று நீதிபதிகள் விளக்கினார்கள். கறுப்பர்கள் மறைவான சிறு குற்றங்களில் இறங்குபவர்கள், வெள்ளையர்களின் குற்றங்கள் முரட்டுத்தனமானவை என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த விளக்கத்தை அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. சட்டத்தின் நோக்கம் இது என்று இயல்பாகச் சொல்லிக் கடந்து போனார்கள். அமெரிக்கச் சட்ட வரலாற்றில் இவ்வளவு வெளிப்படையான வாக்குமூலம் அரிது.

பட்டியல் மட்டும் தனியாக நின்று வேலை செய்யவில்லை. ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி, அரசியல் சட்டத்தின் ஏதாவது ஒரு பகுதியைப் படிக்கவோ, படிக்கக் கேட்டுப் பொருள் சொல்லவோ வேண்டும் என்ற நிபந்தனை, குடியிருப்புக் கால வரம்பு என்று பல தடுப்புகள் கூடவே எழுந்தன. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலத்தில் ஹைரம் ரெவல்ஸ், பிளாஞ்ச் புரூஸ் என்ற இரண்டு கறுப்பர்களை அமெரிக்க செனட்டுக்கு அனுப்பிய மாநிலம் இது. 1875இல் துப்பாக்கியும் மிரட்டலும் அந்தக் காலத்தை முடித்துவைத்தன. அதற்குப் பிறகு நேர்மையான வாக்கு எண்ணிக்கையே நடக்கவில்லை என்று 1890 மாநாட்டில் ஒரு வெள்ளைப் பிரதிநிதியே ஒப்புக்கொண்டார். வன்முறையால் செய்துவந்ததை இனி சட்டத்தால் செய்யலாம் என்பதுதான் மாநாட்டின் நோக்கம். அங்கிருந்த ஒரே கறுப்பர் ஐசையா மாண்ட்கமரி. அடிமையாகப் பிறந்தவர், மவுண்ட் பேயூ என்ற கறுப்பர் ஊரை நிறுவியவர். தன் மக்கள் இந்தத் தியாகத்தைச் செய்தால் ரத்தம் சிந்துவதாவது நிற்கும் என்று நம்பி, அவர் இதை ஆதரித்தே பேசினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நம்பிக்கை பொய்த்தது என்பதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில் பதிவேட்டில் எஞ்சிய கறுப்பு வாக்காளர்கள் 9,000 பேருக்கும் குறைவு.

திருட்டு என்ற ஒரு சொல் அந்தப் பட்டியலில் என்ன வேலை செய்தது என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1876இல் மிசிசிப்பி சட்டமன்றம் கொண்டுவந்த ஒரு சட்டத்துக்குப் பன்றிச் சட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மாட்டையோ பன்றியையோ, 10 டாலர் பெறுமானமுள்ள வேறு பொருளையோ திருடினால் அது பெருந்திருட்டு, ஐந்தாண்டு வரை சிறை என்று அது ஆக்கியது. 1874இல் 272ஆக இருந்த மாநிலக் கைதிகளின் எண்ணிக்கை 1877 முடிவில் 1,072 ஆயிற்று. பெரும்பாலோர் கறுப்பர்கள். கைதிகளைத் தோட்டங்களுக்கும் ரயில் பாதை வேலைக்கும் வாடகைக்கு விடும் முறை அப்போது நடந்துகொண்டிருந்தது. அடிமை முறை போன பிறகு கூலியில்லா உழைப்பு கிடைத்த வழி அது. ஒரு பன்றி காணாமல் போனால் யாரைப் பிடிப்பது, யாருடைய சாட்சி ஏற்கப்படும், எந்தக் குற்றம் பெரிய குற்றம் என்பதையெல்லாம் முடிவு செய்தவர்கள் ஒரே தரப்பினர். வாக்காளர் பட்டியலில் யார் இருக்கலாம் என்பதை முடிவு செய்தவர்களும் அவர்கள்தான். குற்றவாளிக்கு வாக்கில்லை என்ற விதியில் உள்ள ஆபத்து இதுதான்: குற்றம் எது என்று வரையறுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, வாக்காளர் யார் என்று வரையறுக்கும் அதிகாரமும் அவர் கைக்குப் போய்விடுகிறது.

இந்த வழக்கம் அமெரிக்கத் தெற்கில் பிறந்ததில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பழைய ஏதென்ஸில் மானமிழந்தவன் சபையில் பேச முடியாது. ரோமிலும் அப்படி ஒரு விலக்கு இருந்தது. இங்கிலாந்தில் பெருங்குற்றவாளியின் நிலமும் உரிமையும் பறிபோகும். சட்டத்தின் கண்ணில் அவர் உயிரோடு இருந்தும் இறந்தவர். கென்டக்கி 1792இலேயே தன் அரசியல் சட்டத்தில் இப்படி ஒரு விலக்கைச் சேர்த்தது. ஆனால் அந்தக் காலத்தில் வாக்கு என்பது பெரும்பாலும் சொத்துள்ள சிலரின் சலுகை. சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்வது பெரிய கேள்வியாக இருந்திருக்காது. வாக்கு எல்லாருடைய உரிமையும் ஆன பிறகும் பழைய விலக்கு அப்படியே இடம்பெயர்ந்து வந்ததுதான் சிக்கல். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த 14ஆவது திருத்தம், ஆண் குடிமக்களின் வாக்கை மறுக்கும் மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் எண்ணிக்கை குறையும் என்றது. கூடவே, கலகத்தில் ஈடுபட்டதற்காகவோ பிற குற்றத்துக்காகவோ மறுத்தால் பரவாயில்லை என்று ஒரு சிறு விதிவிலக்கையும் வைத்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1974இல், கலிபோர்னியாவிலிருந்து வந்த ரிச்சர்ட்சன் எதிர் ராமிரெஸ் வழக்கில் மத்திய உச்ச நீதிமன்றம் அந்த நான்கைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டுதான், தண்டனை முடித்தவர்களின் வாக்கையும் மறுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ரேன்குவிஸ்ட். அதே ரேன்குவிஸ்ட் 1985இல், அலபாமாவின் 1901 அரசியல் சட்டத்திலிருந்த இதே மாதிரி விலக்கு கறுப்பர்களைத் தடுக்கவே எழுதப்பட்டது என்று கண்டு அதை ரத்து செய்து தீர்ப்பெழுதினார். அலபாமாவுக்குக் கிடைத்த நீதி மிசிசிப்பிக்கு ஏன் கிடைக்கவில்லை?

அதற்குச் சொல்லப்படும் பதில், பட்டியல் பிறகு திருத்தப்பட்டுவிட்டது, கறை கழுவப்பட்டுவிட்டது என்பது. 1950இல் வீடு புகுந்து களவு நீக்கப்பட்டது. 1968இல் கொலையும் பாலியல் வன்கொடுமையும் சேர்க்கப்பட்டன. மக்களே வாக்களித்து ஏற்ற திருத்தங்கள் என்பதால் 1890இன் தீய நோக்கம் இப்போது செல்லாது என்று ஐந்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் சொன்னது, 2022இல் மறுபடியும் உறுதி செய்தது. இந்த வாதத்தை எவ்வளவு முறை படித்தாலும் ஏற்க முடியவில்லை. 1964இல்கூட மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதுக் கறுப்பர்களில் 100க்கு 7 பேர்கூடப் பதிவாகவில்லை. அப்படியானால் 1950இல் ஏற்றுக்கொண்ட மக்கள் யார்? 1965இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1968இல், நிலைமை மாறியிருந்தது. ஆனால் அந்த வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி இந்த இரண்டு குற்றங்களைச் சேர்க்கலாமா என்பது மட்டும்தான். மீதி எட்டையும் வைத்துக்கொள்ளலாமா என்று யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று வாக்களித்திருந்தாலும் அந்த எட்டும் அங்கேயே இருந்திருக்கும். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் இதை விசாரிக்க மறுத்தபோது நீதிபதி கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் எழுதிய மாறுபட்ட கருத்து இந்த இடத்தைத்தான் தொட்டது.

வரலாறு எப்படியோ போகட்டும், சட்டத்தை மீறியவன் சட்டம் செய்பவர்களைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தை முறித்தவன் அதன் பலனைக் கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் தண்டனை என்பதே அந்த முறிவுக்கான விலை. அது கட்டி முடிந்த பின் அவர் வரி செலுத்துகிறார். எல்லாச் சட்டங்களும் அவரைக் கட்டுப்படுத்துகின்றன. ஒப்பந்தத்தின் கடமைகள் எல்லாம் திரும்ப வந்துவிட்டன, உரிமை மட்டும் வரவில்லை. நம் நாட்டு வாசகருக்கு இது புரிவது எளிது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு சிறையில் இருப்பவரை, தீர்ப்பே வராத விசாரணைக் கைதியையும் சேர்த்து, வாக்களிக்க விடுவதில்லை. அது தனியே வாதிட வேண்டிய குறை. என்றாலும் சிறைக்கதவு திறந்ததும் அந்தத் தடை தானே நீங்கிவிடுகிறது. தேர்தல் முறைகேட்டுக் குற்றங்களுக்கு மட்டும் ஆறாண்டுத் தடை தொடர்கிறது. வாக்கைக் கெடுத்தவருக்குச் சில காலம் வாக்கு இல்லை என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அதை நான் எதிர்க்கவில்லை. மரம் திருடியவருக்கு ஆயுள் முழுக்க வாக்கில்லை என்பதில் என்ன பொருத்தம்? மிசிசிப்பியில் திருட்டு என்ற பழைய சொல்லை விரித்து, 20க்கும் மேற்பட்ட குற்றங்களை இன்று இந்த வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். மரத் திருட்டு அவற்றில் ஒன்று. போதைப்பொருள் விற்றுச் சிறையில் இருப்பவரோ பட்டியலில் இல்லாததால் அங்கிருந்தபடியே தபாலில் வாக்களிக்கலாம்.

குற்றவாளிகள் கூட்டமாகச் சேர்ந்து சட்டத்தைத் தளர்த்துபவர்களுக்கு வாக்களித்துவிடுவார்கள் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. ஒருவர் எப்படி வாக்களிப்பார் என்று ஊகித்து அவர் வாக்கைத் தடுப்பது தேர்தல் என்ற ஏற்பாட்டின் அடிப்படைக்கே முரண். 1974 தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி தர்குட் மார்ஷல் இதையே எடுத்துக்காட்டினார். அனுபவமும் அச்சத்துக்கு ஆதாரம் தரவில்லை. மேய்ன், வெர்மான்ட் ஆகிய இரண்டு மாநிலங்களில் கைதிகள் சிறையிலிருந்தே தொடர்ந்து வாக்களித்து வருகிறார்கள். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002இல் கைதிகளின் வாக்குத் தடையை நீக்கியது. அதற்கு முன்பே, 1999இல், தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்ட நீதிமன்றம் கைதிகள் வாக்களிக்க வழி செய்யும்படி உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவர்களின் வேதனையை முன்வைத்து எழும் எதிர்ப்புதான் இருப்பதிலேயே கனமானது. மகளை இழந்த தாய், கொன்றவனும் தன்னோடு வரிசையில் நிற்பதை எப்படித் தாங்குவாள்? இதற்கு முழு ஆறுதல் தரும் பதில் எதுவும் கிடையாது. ஆனால் அந்தத் தாய்க்கு நீதி செய்ய வேண்டிய இடம் தண்டனைத் தீர்ப்பு. தண்டனை போதவில்லை என்றால் அதை அங்கேதான் பேச வேண்டும். 1890இல் இந்த விலக்கை எழுதியவர்கள் அவளை நினைக்கவே இல்லை என்பதற்குக் கொலையை விட்டுவிட்ட அந்தப் பட்டியலே சாட்சி.

தகுதியுள்ளவருக்கு உரிமையைத் திருப்பித் தர வழி இருக்கிறதே என்பது கடைசித் தடுப்பு. ஃப்ளோரிடாவைப் பார்க்கலாம். 2018இல் அங்கே 100க்கு 64 பேருக்கு மேல் வாக்களித்து, கொலைக்கும் பாலியல் குற்றத்துக்கும் தண்டனை பெற்றவர்கள் நீங்கலாக, தண்டனை முடித்த சுமார் 14 லட்சம் பேரின் வாக்குரிமையை மீட்டார்கள். அடுத்த ஆண்டே சட்டமன்றம், நீதிமன்ற அபராதமும் கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டினால்தான் தண்டனை முடிந்ததாகக் கணக்கு என்று சட்டம் செய்தது. யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்துச் சொல்ல மாநிலத்திடம் ஒரே பதிவேடு கிடையாது. 2020இல் கீழ் நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6க்கு 4 என்ற கணக்கில் அதைத் திரும்ப நிலைநாட்டியது. 2022 ஆகஸ்டில், தகுதியில்லாமல் வாக்களித்ததாக 20 பேர் மேல் வழக்குப் போட்டார்கள். அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டை கொடுத்ததும் அரசு அலுவலகம்தான். நாடு முழுவதும் இப்படி வாக்கிழந்தவர்கள் 1976இல் சுமார் 12 லட்சம், 2016இல் 61 லட்சம், 2024இல் சுமார் 40 லட்சம் என்று சென்டென்சிங் புராஜெக்ட் என்ற ஆய்வமைப்பு கணக்கிட்டிருக்கிறது. எண்ணிக்கை குறைந்து வருவதற்கு ஒரு முக்கியக் காரணம் மாநிலங்கள் ஒவ்வொன்றாக மனம் மாறுவது. அதற்காகப் பல ஆண்டுகள் அலைந்தவர்களில் பலர் தாங்களே வாக்கிழந்தவர்கள்.

மிசிசிப்பி மாறவில்லை. ஆயுள் முழுக்க வாக்கைப் பறிப்பது கொடிய, வழக்கத்துக்கு மாறான தண்டனை என்று 2023 ஆகஸ்டில் ஐந்தாவது வட்ட நீதிமன்றத்தின் மூவர் அமர்வு ஒன்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை 13க்கு 6 என்று மாற்றியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. ஆகவே பெரும்பாலோருக்கு 1890 சட்டத்தின் 253ஆம் பிரிவு காட்டும் வழிதான் இன்றும் பாக்கி. வாக்கை இழந்தவர் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்து, தன் ஒருவர் பெயரில் தனி மசோதா கொண்டுவரச் சொல்ல வேண்டும். அது இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெற வேண்டும். அடுத்தவருக்கு அடுத்த மசோதா.