ஆகுர்டி டீசல் இன்ஜினும் ஜீப்பின் டேங்கும்

புணேயிலிருந்து மும்பை செல்லும் பழைய நெடுஞ்சாலையில், சிஞ்ச்வட்டை அடுத்துள்ள ஆகுர்டி, 1960களில் தொழிற்சாலைகள் வந்து சேரும்வரை வயல் சூழ்ந்த ஊராகவே இருந்தது. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் அமைந்தபின் சுற்றுவட்டார நிலங்கள் தொழிற்பேட்டைகளாயின. 1970இல் பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி ஆகியவற்றுடன் இணைந்து நகராட்சியான இவ்வூர், 1982இல் மாநகராட்சியின் பகுதியாயிற்று. ஆகுர்டி என்றதும் பலருக்கும் பஜாஜ் ஸ்கூட்டரே நினைவுக்கு வரும். ஆனால் கரடுமுரடான பாதைகளில் ஓடும் வண்டிகளின் வரலாற்றில் இவ்வூருக்குரிய இடம், இங்கே வேரூன்றிய மற்றொரு நிறுவனமான பஜாஜ் டெம்போவால் அமைந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த விடால் நிறுவனத்தின் டெம்போ மூன்று சக்கரச் சரக்கு வண்டியை இந்தியாவில் தயாரிப்பதற்காக 1958இல் என். கே. ஃபிரோதியா தொடங்கிய இந்நிறுவனம், பின்னர் மேட்டடார் வேனை உருவாக்கியது. 1980களில் டைம்லர் பென்ஸின் உரிமம் பெற்று, ஓஎம் 616 எனப்படும் 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைத் தன் வண்டிகளில் பொருத்தியது.

மேட்டடார் இன்ஜின் என்றே பட்டறைகளில் வழங்கிய அந்த இன்ஜின், தான் பொருத்தப்பட்ட வண்டியோடு நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற வில்லிஸ் ஜீப்பும், அதன் வழியில் மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் தயாரித்த தொடக்ககால ஜீப்பும் பெட்ரோலில் ஓடியவை. பெட்ரோல் விலை ஏற ஏற, அம்பாசடர் காரின் உரிமையாளர்களைப் போலவே ஜீப் உரிமையாளர்களும் பழைய பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றினர். இந்த மாற்றத்தை இன்ஜினைப் பற்றியதாக மட்டும் பார்ப்பது வழக்கம். உண்மையில் அது டேங்க்கையும் தொட்டது. கார்புரேட்டர் கொண்ட பழைய பெட்ரோல் வண்டிக்கு, டேங்க்கிலிருந்து எரிபொருளை இழுத்துவர ஒரே ஒரு குழாய் போதும். டீசல் இன்ஜினிலோ, இன்ஜெக்டர்களில் மிஞ்சும் டீசல் மீண்டும் டேங்க்குக்கே திரும்ப வேண்டும். அதற்கான குழாயே ரிட்டர்ன் லைன். பெட்ரோல் ஜீப்பின் டேங்க்கில் அதற்குத் துளையே கிடையாது என்பதால், இன்ஜினை மாற்றிய பிட்டர் டேங்க்கையும் கழற்றித் துளையிட்டு, பித்தளைப் பற்றவைப்பில் ஒரு முனையைப் பொருத்த நேர்ந்தது.

டேங்க்கைக் கழற்றியபின், அதை வேறிடத்தில் வைத்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. வில்லிஸ் ஜீப்பில் ஓட்டுநர் அமரும் இருக்கைக்கு அடியிலேயே டேங்க் இருந்தது; எரிபொருள் நிரப்ப ஓட்டுநர் எழுந்து, இருக்கையின் மெத்தையைத் தூக்க வேண்டியிருந்தது. பாரம் வண்டியின் நடுவே அமைவதும், பாறையில் இடிபடாமல் இருப்பதும் அதன் நன்மைகள். கசிவும் ஆவியும் ஆளின் காலடியிலேயே இருப்பது அதன் பெருங்குறை. அமெரிக்காவிலேயே 1970களின் தொடக்கத்தில் ஜீப்பின் டேங்க் பின்புறத்துக்கு, சேசிஸின் இரு சட்டங்களுக்கு நடுவே நகர்த்தப்பட்டது. அதே வேலையை வீட்டு முற்றத்தில் செய்பவருக்குப் பல கணக்குகள் உண்டு. பின் ஆக்சிலுக்கு அப்பால் டேங்க் தாழ்வாகத் தொங்கினால், மேட்டிலிருந்து இறங்கும்போது வண்டியின் வால்பகுதி தரையில் உரசும். இன்ஜினுக்கும் டேங்க்குக்கும் தூரம் கூடுவதால், இணைப்பு ஒன்று சற்றுத் தளர்ந்தாலும் காற்று புகுந்து ஏர் லாக் ஏற்பட்டு, ஏற்றத்தின் நடுவே டீசல் இன்ஜின் நின்றுவிடும். டேங்க்குக்குள் காற்று போய்வர உதவும் மூச்சுக்குழாயைத் தாழ்வாக விட்டால், ஓடையைக் கடக்கையில் சூடான டேங்க் குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உட்புறத்தில் தடுப்புத் தகடுகள் இல்லாத புது டேங்க்கில் எரிபொருள் அலைபாய்ந்து, சரிவான இடத்தில் உறிஞ்சுகுழாயின் வாய் வெறுமையாகிவிடும். இவற்றையெல்லாம்விடக் கொடியது வெல்டிங்: பெட்ரோல் வடிந்து காலியாகத் தோன்றும் டேங்க்கில் நிற்கும் ஆவி, காற்றோடு கலந்து, ஒரு பொறியில் வெடிக்கக்கூடியது. அனுபவமுள்ள பிட்டர்கள் பலமுறை கழுவி, பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே இருக்கும்படி தண்ணீர் நிரப்பியபின்னரே சுடரை அருகில் கொண்டுவந்தனர். இந்தக் கைத்திறன் ஏட்டில் ஏறாமல், பட்டறையில் ஆசானிடமிருந்து சீடனுக்குச் சென்றது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

பட்டறைகள் தனித்தனியாகச் செய்துவந்த மாற்றங்களில் சில, காலப்போக்கில் தொழிற்சாலையிலிருந்தே வரத் தொடங்கின. 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எனப் பெயர் மாறிய ஆகுர்டி நிறுவனத்தின் கூர்க்கா வண்டி இதற்குத் தெளிவான சான்று. நீரில் இறங்கும்போது இன்ஜின் உயரத்திலிருந்து காற்றை இழுக்க உதவும் ஸ்நார்கெல், வழுக்கும் சக்கரத்தில் விசை முழுதும் வீணாகாதபடி இரு சக்கரங்களையும் பிணைக்கும் டிஃபரன்ஷியல் லாக் ஆகியவை அதில் நிறுவனமே பொருத்தித் தருபவை. 2021இல் வந்த கூர்க்கா, 700 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. அதன் இன்ஜினும் பழைய ஓஎம் 616 வழியில் வந்ததே.

சட்டம் இதற்குள் இறுகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பதை 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்தது. எரிபொருள் டேங்க்கைப் பொறுத்தவரை இந்தக் கண்டிப்பு சரியானதே. மாற்றப்பட்ட வண்டியில் ஏறுபவருக்கும் எதிரே வருபவருக்கும் பிட்டரின் திறமையைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. எனினும், மாற்றியமைப்புக்கான தரங்களை வகுக்கும் அதிகாரத்தை அதே திருத்தம் மத்திய அரசுக்கு அளித்துள்ளது. 1966இல் நிறுவப்பட்டு வாகனங்களுக்குச் சான்றளித்துவரும் இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகமும் புணேயிலேயே உள்ளது. தேர்ந்த பட்டறைகளின் வேலையை அங்கே சோதித்து, ஆர்.சி. புத்தகத்தில் முறைப்படி பதிய ஒரு வழியை அரசு திறக்க வேண்டும். அதுவரை டேங்க்கை வீட்டில் வெட்டாமலும் நகர்த்தாமலும் இருப்பதே உரிமையாளர்களுக்குத் தக்கது.