தேய்ஞ்ச ஃப்ரெட்: மணலி வீணையில இருந்து எலக்ட்ரிக் கிடார் வரைக்கும்

திருவொற்றியூர்ல இருந்து ஒரு நேயர் அனுப்பின கேள்விதான் இந்த எபிசோடுக்குக் காரணம். பழைய எலக்ட்ரிக் கிடார் ஒண்ணு வெச்சிருக்கார். முதல் மூணு ஃப்ரெட்ல கம்பி படுற இடமெல்லாம் பள்ளமாயிடுச்சாம். சில நோட் வாசிச்சா 'ஜிர்'ருனு இரைச்சல் வருது. சரி பண்ணலாமா, இல்ல வந்த விலைக்கு வித்துடலாமான்னு கேக்குறார்.

சரி பண்ணலாம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு நீளமான வரலாறு இருக்கு. அதுல பாதி நம்ம வடசென்னையிலேயே நடந்திருக்கு.

ரிஃபைனரிக்கு முந்தின மணலி

மணலின்னா நமக்கு ரிஃபைனரி, டேங்கர் லாரி, அந்த வாசனை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில அது முத்துக்கிருஷ்ண முதலியார்ங்கிற செல்வந்தரோட ஊர். அவர் அழைப்பை ஏத்து ராமசுவாமி தீட்சிதர் திருவாரூர்ல இருந்து குடும்பத்தோட மணலிக்கு வந்தார். அவரோட மூத்த மகன்தான் முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தர், வீணைக் கலைஞர்.

மணலியில இருந்து ஜார்ஜ் கோட்டை பக்கம்தானே! அங்க பிரிட்டிஷ் பேண்ட் வாசிச்ச மெட்டுகளைக் கேட்டு, அதுக்கு சமஸ்கிருதத்துல வரிகள் எழுதினார் தீட்சிதர். இன்னிக்கு நாம நோட்டுஸ்வரம்னு சொல்றது அதைத்தான். அவரோட தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியர்கிட்ட வயலின் கத்துக்கிட்டார். கர்நாடக இசைக்குள்ள வயலினைக் கொண்டு வந்த முன்னோடிகள்ல அவரும் ஒருத்தர்.

ஆக, ஒரே குடும்பத்துல அண்ணன் கையில ஃப்ரெட் இருக்கிற வீணை, தம்பி கையில ஃப்ரெட்டே இல்லாத வயலின்.

பக்கத்துல திருவொற்றியூரும் சும்மா இல்ல. 1798-ல பிறந்த வீணை குப்பையர் அந்த ஊர்க்காரர், தியாகராஜரோட சீடர். தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து திரிபுரசுந்தரி அம்மன் மேல 5 கிருதிகள் பாடியிருக்கார். மெட்டு தேயுற கவலை இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லைன்னு சொல்றதுக்காகத்தான் இத்தனையும்.

மெழுகுல நிக்கிற மெட்டு

வீணையில ஃப்ரெட்டுக்குப் பேர் மெட்டு. பாட்டோட மெட்டுக்கும் அதே சொல்தான், குழப்பிக்காதீங்க. பழைய வீணைகள் சிலதுல ராகத்துக்குத் தகுந்த மாதிரி மெட்டை இடம் மாத்தி வெச்சாங்க. 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல, தஞ்சாவூர்ல ரகுநாத நாயக்கர் காலத்துல, 24 மெட்டும் நிலையா இருக்கிற வீணை உருவாச்சு. ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு, ரெண்டு ஸ்தாயி. எந்த ராகமா இருந்தாலும் மெட்டை நகர்த்த வேண்டாம். அவரோட அமைச்சர் கோவிந்த தீட்சிதருக்கும் இதுல பங்கு உண்டுன்னு சொல்வாங்க. கோவிந்த தீட்சிதரோட மகன் வேங்கடமகி வகுத்த 72 மேள முறையைப் பின்பற்றினவர்தான் நம்ம மணலி முத்துசுவாமி தீட்சிதர்.

'நிலையா'ன்னு சொன்னேன் இல்லையா, அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மெட்டுகளை மரத்துல அறையறது இல்ல. தேன்மெழுகோட கரித்தூள் கலந்து ரெண்டு வரம்பு கட்டி, அது மேல உலோக மெட்டுகளை உட்கார வைப்பாங்க. கமகத்துக்காகக் கம்பியை அழுத்தி இழுத்து இழுத்து உலோகத்துல தடம் விழும். வெயில்ல மெழுகு இளகி மெட்டு இறங்கும், சுருதி விலகும். அதனால சில வருஷங்களுக்கு ஒருமுறை மெழுகை எடுத்துட்டு, மெட்டைத் தேய்ச்சு சமப்படுத்தியோ மாத்தியோ, எல்லாத்தையும் மறுபடி உட்கார வைக்கணும். இதுக்கு மேளம் கட்டுறதுன்னு பேர்.

கவனிங்க, இது ஏதோ கோளாறு வந்ததால செய்யற வேலை இல்ல. மெட்டு தேயும், நகரும், திரும்பக் கட்டணும்னு தெரிஞ்சேதான் வீணையை அப்படி வடிவமைச்சிருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா, மெயின்டனன்ஸ் டிசைன்லயே இருக்கு.

கிடார் வேற வழி

கிடார்ல மரத்துல மெல்லிசா ஒரு வெட்டுப்போட்டு, ஃப்ரெட் கம்பியை அதுல அடிச்சு இறக்கிடுவாங்க. பெரும்பாலும் ஜெர்மன் சில்வர் கம்பி. பேர்லதான் வெள்ளி, உள்ள இருக்கிறது செம்பு, நிக்கல், துத்தநாகம். எலக்ட்ரிக் கிடாரோட எஃகுக் கம்பிகள் அதைவிடக் கெட்டி, அதனால ஃப்ரெட்தான் தேயும். எண்ணூர், ராயபுரம் மாதிரி கடலோரத்துல இன்னொரு தொல்லை: உப்புக் காத்து. துருப்பிடிச்ச கம்பி ஒரு குட்டி அரம் மாதிரி. வாசிச்சு முடிச்சதும் உலர்ந்த துணியால கம்பியைத் துடைச்சா ஃப்ரெட்டோட ஆயுசும் கூடும்.

இரைச்சல் ஏன் வருது? தேய்ஞ்ச ஃப்ரெட் தாழ்ந்துடுது, அடுத்த ஃப்ரெட் உயரமா நிக்குது. கம்பி அதுல போய் உரசுது. தீர்வு, எல்லா ஃப்ரெட்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டு வர்றது.

முதல்ல ட்ரஸ் ராடைச் சரி பண்ணி கழுத்தை நேராக்கணும். இதைச் செய்யாம அரத்தை எடுத்தா மொத்தமும் வீண். அப்புறம் ஃப்ரெட் மேல மார்க்கர்ல மை பூசி, நேரான பட்டையில எமரி ஷீட் ஒட்டி, மை சமமா அழியற வரைக்கும் தேய்க்கணும். இப்போ ஃப்ரெட்டோட தலை தட்டையாயிருக்கும். குழிவான அரத்தால அதைத் திரும்ப வளைவாக்கணும், இல்லைன்னா சுருதி துல்லியமா வராது. கடைசியா நுண்ணிய எமரியால மெருகு. ஸ்டீல் வுல் போட்டா பிக்கப்பை டேப்பால மூடிடுங்க. அதுல காந்தம் இருக்கு, இரும்புத் தூள் போய் ஒட்டிக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையுது. ஒரு கட்டத்துல தேய்க்க உயரமே இருக்காது. அப்போ பழசைப் பிடுங்கிட்டுப் புதுக்கம்பி இறக்கணும். அடிக்கடி தேயுதுன்னா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுக்கலாம், ரொம்ப நாள் உழைக்கும்.

கணக்கும் காதும்

'பாத்தீங்களா, நம்ம முன்னோர் எவ்வளவு புத்திசாலி, வீணைதான் உசத்தி'ன்னு இங்க முடிச்சா கைதட்டு கிடைக்கும். ஆனா கதை அவ்வளவு சுலபம் இல்ல.

கிடார்ல ஃப்ரெட் எங்க இருக்கணும்ங்கிறது ஒரு கணக்கு. மீதியிருக்கிற கம்பி நீளத்தை 17.817-ஆல வகுத்தா அடுத்த ஃப்ரெட்டுக்கான தூரம் வரும். 648 மில்லிமீட்டர் கம்பிக்கு முதல் ஃப்ரெட் 36.4-ல. அந்தக் கணக்கு மரத்துல வெட்டாவே பதிஞ்சிருக்கு. ஃப்ரெட் மாத்துறவருக்கு சுருதி ஞானம் இல்லைன்னாலும் கம்பி சரியான இடத்துலதான் உட்காரும்.

வீணையில அந்த வெட்டு கிடையாது. மேளம் கட்டுறவர் ஒவ்வொரு மெட்டையும் இளகின மெழுகுல நகர்த்தி, மீட்டிக் கேட்டு நிறுத்தணும். கணக்கு அவர் காதுல இருக்கு. வீணையை எத்தனை தடவை வேணாலும் புதுப்பிக்கலாம், அவர் இருக்கிற வரைக்கும். நாம பஸ் ஃபேக்டர்னு சொல்வோமே, ஒரே ஆள் போயிட்டா ப்ராஜெக்டே நின்னு போற நிலைமை, அதுதான் இங்க.

ரெண்டு உலகமும் சந்திச்ச இடமும் உண்டு. ஜான் மெக்லாக்லின் அமெரிக்காவோட வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல எஸ். ராமநாதன்கிட்ட வீணை கத்துக்கிட்டார். 1970-கள்ல சக்தி குழுவுக்காக அவர் செய்ய வெச்ச கிடார்ல ஃப்ரெட்டுகளுக்கு நடுவுல மரத்தைக் குடைஞ்சிருந்தாங்க. விரல் மரத்தைத் தொடாது, வீணை மாதிரியே. வாசிக்கிற முறை கடல் தாண்டிப் போச்சு. மேளம் கட்டுற காது அந்த மாதிரி கிளம்பிப் போகல.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு, நல்லது. ஆனா அது செய்யற பொருளுக்கான பாதுகாப்பு. வித்த வீணையை அடுத்த 50 வருஷம் பாடவைக்கிறது பராமரிக்கிறவங்கதான்.

அதனால கிடார் வெச்சிருக்கிறவங்க பயப்படாம ஃப்ரெட்டைச் சரி பண்ணுங்க, வழி எழுதியே இருக்கு. வீட்டுல பாட்டியோட வீணை உறையில தூங்குதுன்னா, மேளம் கட்டுறவர் ஒருத்தரைத் தேடிப் பிடிங்க. அவர் வேலை செய்யும்போது பக்கத்துல உட்காருங்க. சம்மதிச்சா ஃபோன்ல பதிவு பண்ணுங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.