வாளி வைத்த இடம்

சாலாக் செலாத்தானின் பழைய வரிசை வீடுகளில் கழிவறை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நேராகப் போய், சமையலறையைத் தாண்டி, ஒரு படி இறங்கினால் அங்கேதான் இருக்கும். அந்த இடத்தை முடிவு செய்தது வாளி. மலத்தை வாளியில் அள்ளிப்போன காலத்தில் அள்ளுபவர் வீட்டுக்குள் வரக்கூடாது. அதனால் ஜம்பான் பின்சுவரோடு ஒட்டியிருக்கும், சுவருக்கு அப்பால் சந்து. சிங்கப்பூரின் சுகாதாரத்தை ஆராய்ந்து 1907இல் சிம்சன் கொடுத்த அறிக்கையும் பின்சந்துகளை வலியுறுத்தியது. மலாயா நகரங்களிலும் அதே அச்சுதான். பிறகு வாளி போனது, செப்டிக் டேங்க் வந்தது, பாதாளச் சாக்கடையும் வந்தது. சந்து ஏற்கெனவே இருந்ததால் குழாயும் அதன் வழியாகவே போனது. கழிவறை நகரவே இல்லை.

1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட உபவிதிகள் உட்காரும் கழிவறைக்குக் கேட்ட குறைந்தபட்ச அளவு 1.5 மீட்டருக்கு 0.75 மீட்டர். சக்கர நாற்காலி திரும்ப மட்டும் 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். பின்னர் சேர்க்கப்பட்ட 34ஏ விதி மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி கேட்டது, ஆனால் கடை, வங்கி, மருத்துவமனை போன்ற பொது இடங்களில்தான். சொந்த வீட்டுக்குள் நடப்பது சொந்தக்காரர் பாடு.

அந்தச் சொந்தக்காரர் யார்? பலர் தோட்டத்து லயத்தில் பிறந்து, பொதுக் குழாயடியில் வரிசை நின்று, ஊழியர் சேமநிதியை எடுத்து வீடு வாங்கியவர்கள். எழுபதைத் தாண்டிய ஒரு ஆண்ட்டி இடுப்பு அறுவை முடிந்து வந்தபோது, மகன் தன் கொண்டோவுக்குக் கூப்பிட்டார். "கிராண்ட் என் பேர்ல இருக்கு, நான் ஏன் தம்பி அங்க போவணும்?" என்றார் என்னிடம்.

முதலில் கைப்பிடி. துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்துத்தான் பலர் எழுகிறார்கள். பூச்சில் மட்டும் திருகிய கம்பி ஆள் எடையைத் தாங்காது, செங்கல் வரை துளைத்து ஆங்கர் போல்ட் போட வேண்டும். அடுத்து கதவு. உள்பக்கம் திறக்கும் கதவில், விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துவிடும். வெளியே திறக்கும்படி மாற்ற அதிக செலவில்லை. வாசலில் 15 செ.மீ. படிக்கு 1:12 சாய்தளம் என்றால் 1.8 மீட்டர் நீளம். அங்கே கார் நிற்கிறது. சிங்கப்பூரில் 2012இல் தொடங்கிய ஈஸ் திட்டம் வீவக வீடுகளில் இந்த மாதிரி வேலைகளின் பெரும்பகுதிச் செலவை ஏற்கிறது. இங்கே கொந்த்ராக்டரிடம் பேரம் பேசுவதுதான் திட்டம்.

கடைசியில்தான் பெரிய வேலை: கழிவறையைப் படுக்கையறைப் பக்கம் கொண்டுவருவது. சாக்கடை பின்னால், அறை முன்னால். 1:40 சாய்வில் 6 மீட்டர் குழாய் ஓட 15 செ.மீ. இறக்கம் தேவை. சமையலறைத் தரையை நீளமாக வெட்ட வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினேன். ஆண்ட்டி கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெட்டிக்கோ தம்பி. சாமி மேடைய மட்டும் தொடாத."