பழைய கார், புதிய காரை விட விலை அதிகமாக இருந்த காலம்

பொருளாதாரம் படிப்பவர்கள் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் என்ற பெயரைத் தாண்டாமல் போக முடியாது. 1970ல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். மட்டமான காருக்கு அமெரிக்காவில் "லெமன்" என்று பெயர். வண்டியில் என்ன கோளாறு என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் குறைத்தே கேட்பான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்குக் கொடுக்க மனசு வராமல் ஒதுங்கிவிடுவான். கடைசியில் சந்தையில் நிற்பது பெரும்பாலும் எலுமிச்சைதான். புது கார் ஷோரூமை விட்டு வெளியே வந்ததுமே விலை இறங்குவதற்கு இதுதான் காரணம் என்றார். 2001ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1970ல் இந்தியாவில் ஒரு புது கார் ஷோரூமை விட்டு வெளியே வந்தால் அதன் விலை ஏறியது!

அன்றைக்கு இங்கே கார் என்றால் மூன்றுதான். உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர், பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த ஃபியட் (பிறகு பத்மினி ஆனது இதுதான்), நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த ஹெரால்ட். எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ். 1969ல் மூன்று கார்களுக்கும் விலையையும் அரசே நிர்ணயித்தது. விலையும் கட்டு, உற்பத்தியும் கட்டு என்றால் மிச்சம் இருப்பது க்யூ மட்டும்தான். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஃபியட்டுக்கு அம்பாசிடரை விட நீளமான க்யூ.

காத்திருக்க முடியாதவர் என்ன செய்வார்? டெலிவரி எடுத்தவரிடம் போய் கூடுதலாகக் கொடுத்து வாங்குவார். ஆகவே அன்றைய செகண்ட் ஹேண்ட் விலையில் வண்டியின் விலை ஒரு பங்கு, காத்திருக்காமல் தப்பித்த வருடங்களின் விலை இன்னொரு பங்கு. பஜாஜ் ஸ்கூட்டருக்கும் இதே கதைதான்.

எலுமிச்சைப் பயம் அப்போது பெரிதாக இல்லை என்றே நினைக்கிறேன். அம்பாசிடர் 1950களின் கடைசியில் வந்தது, 2014ல் உற்பத்தி நின்றது. இடையில் இன்ஜின் மாறியதே தவிர அடிப்படை உடம்பு ஒன்றுதான். அதன் ஒவ்வொரு நட்டும் தெருமுனை மெக்கானிக்குக் கூடத் தெரியும். இன்ஜின் போனால் இறக்கி போர் அடித்து ஏற்றிவிடலாம். மறைக்க அதிகமாக ரகசியம் இல்லாத வண்டியில் ஏமாற்றவும் இடம் குறைவு. கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. குறைந்த பணம் வைத்திருந்தவருக்கு "பழசு வாங்கினால் மிச்சம்" என்ற வழியே அடைபட்டிருந்தது. அவருக்குக் கிடைத்தது ரொம்பப் பழசு மட்டும்தான்.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவியை இந்திரா காந்தி கையால் கொடுத்தார். விலை சுமார் 50 ஆயிரம் ரூபாய். க்யூ உடனே ஒழிந்துவிடவில்லை. முன்பதிவே ஒரு லட்சத்தைத் தாண்டியதால் மாருதிக்கும் சில காலம் பிரீமியம் ஓடியது. 1993ல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. அதே வருடம் இண்டிகா, மாட்டிஸ். கடையில் போய் நின்றால் கார் கிடைக்கும் என்ற நிலை வந்ததும் பழைய காரின் விலை முதல் முறையாக இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கியது. நடுத்தரக் குடும்பம் கணக்குப் போட்டு செகண்ட் ஹேண்ட் வாங்கும் பழக்கம் பரவியது அதற்குப் பிறகுதான்.

கூடவே ஏக்கர்லாஃப் சொன்ன எலுமிச்சையும் வந்து சேர்ந்தது. மீட்டரைத் திருப்பி வைத்த வண்டி, விபத்தில் நசுங்கி டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்த வண்டி, "சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டினது" (இத்தனை டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை!). இதற்கு மருந்தாக உத்தரவாதத்தையும் பிராண்ட் பெயரையும் அவர் கட்டுரையிலேயே சொல்லியிருந்தார். மாருதி தன் "ட்ரூ வேல்யூ" கடைகளைத் தொடங்கியது 2001ல், அவருக்கு நோபல் கிடைத்த அதே வருடம். தற்செயல்தான், ஆனாலும் அழகு. அங்கே நாம் கூடுதலாகக் கொடுப்பது க்யூவுக்காக அல்ல, நம்பிக்கைக்காக.

இன்னொரு வகை மலிவும் உண்டு. டேவூ திவாலானது; மாட்டிஸ், சீலோ வைத்திருந்தவர்கள் ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலைந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 2017ல் இங்கே விற்பனையை நிறுத்தியது. 2021ல் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கம்பெனி போய்விட்ட வண்டி நல்ல வண்டியாகவே இருந்தாலும் விலை இறங்கும். சர்வீஸுக்கு நம்பகமான ஆள் பக்கத்தில் இருந்தால் அது லாபம். இல்லையென்றால் பட்ஜெட்டை அதுவே தின்றுவிடும். கையில் மூன்று லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு வண்டி பார்ப்பேன். டயர், பேட்டரி, இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் மிச்சத்தில்.

பெயர் மாற்றத்தை வாங்குபவரின் தலைவலி என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். படிவம் 29, 30ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு விற்பவர் மறந்துவிடுவார். வண்டி புரோக்கர் வழியாகக் கை மாறிக்கொண்டே போகும். இப்படிப் பல கை மாறிய ஒரு காரின் விபத்து வழக்கில் 2018ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. ஏக்கர்லாஃப் கணக்கில் எல்லாம் தெரிந்தவர் விற்பவர். இங்கே தன் வண்டி யார் கையில் ஓடுகிறது என்பதே அவருக்குத் தெரிவதில்லை.